அந்த அரை மில்லிமீற்றரை மறந்துவிடாதீர்கள்

வலுசக்தி அமைச்சில் ஐதரசன் திட்டங்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், அஸ்பெஸ்டஸ் கூரை போட்ட லயத்தில் வளர்ந்தவள். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் மூன்று வருடம் கார மின்பகுப்புக்கான, அதாவது காரம் கலந்த நீரை மின்சாரத்தால் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிப்பதற்கான, பல்பகுதிய (பொலிமர்) மென்சவ்வுகளைச் செய்து பார்த்தேன். இப்போது உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். சூரியன், காற்று போன்றவற்றின் மின்சாரத்தில் நீரைப் பிரித்து எடுக்கும் பச்சை ஐதரசன் என்றாலே இயந்திரத்தை எங்கே வாங்குவது, எத்தனை மெகாவாட் என்றுதான் பேச்சு வருகிறது. அந்த இயந்திரத்தின் நடுவில் இருக்கும் மென்சவ்வைச் செய்து சோதிக்க மலையகத்தில் ஓர் ஆய்வுகூடம் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

கார மின்பகுப்பில் 30 வீதம் வரை பொட்டாசியம் ஐதரொட்சைட்டு கலந்த நீர், ஏறக்குறைய 80 பாகைச் சூட்டில் இருக்கும். இரண்டு நிக்கல் மின்வாய்கள். ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் ஒட்சிசன். இரண்டும் கலந்தால் வெடிக்கும், அதனால் நடுவே ஒரு தடுப்பு, அதுதான் மென்சவ்வு. ஐதரொட்சைட்டு அயன் அதனூடாகப் போக வேண்டும், வாயு போகக் கூடாது. அந்தச் சூட்டிலும் காரத்திலும் அது வருடக்கணக்கில் கிடக்க வேண்டும்.

பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தது கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ். எங்கள் லயக் கூரையில் இருந்த அதே கிரைசோடைல் நார்தான். இதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கல்நாருக்குத் தடை கொண்டுவந்தபோதும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்பகுப்பு ஆலைகளின் தடுப்புகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மாற்றுத் தேடுவது அவ்வளவு சிரமமாக இருந்திருக்கிறது.

இன்றைக்குப் பரவலாகப் பாவிக்கும் மாற்று, பொலிசல்போன் என்ற பல்பகுதியத்தில் சிர்கோனியம் ஒட்சைட்டுத் துகளைக் கலந்து, வலைத்துணியின் மேல் வார்த்த தாள். தடிப்பு அரை மில்லிமீற்றர். பொலிசல்போன் காரத்தைத் தாங்கும், ஆனால் தண்ணீரோடு ஒட்டாது. துகள்தான் அதை நனைய வைக்கிறது, வாயுக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிறது.

தாளை மெலிதாக்கினால் மின்சாரம் மிச்சமாகும், ஆனால் வாயு கசியும். சூரிய மின்சாரத்தில் ஓட்டும்போது இது பெரிய சிக்கல். மேகம் மறைத்து மின்னோட்டம் குறைந்தால் ஒட்சிசன் உற்பத்தி விழுந்துவிடும், கசியும் ஐதரசன் மட்டும் கிட்டத்தட்ட அதே அளவில் வந்துகொண்டிருக்கும். ஒட்சிசனில் ஐதரசன் 4 வீதத்தைத் தொட்டால் ஆபத்து என்பதால் 2 வீதத்திலேயே இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள். நுவரெலியா வானத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

துளையே இல்லாமல் அயனை மட்டும் கடத்தும் எதிரயன் மென்சவ்வுகளும் இருக்கின்றன. அவற்றில் நேரேற்றம் தாங்கும் நைதரசன் கூட்டங்களையே ஐதரொட்சைட்டு அரித்துவிடுகிறது. உலகம் முழுக்க இன்னும் இதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நாமும் உள்ளே போக இன்னும் இடம் இருக்கிறது.

வார்க்கும் வேலைக்குப் பெரிய தொழிற்சாலை வேண்டாம். கண்ணாடித் தகட்டில் பொலிசல்போனும் துகளும் கலந்த தேன்பதக் கரைசலை ஊற்றி, வார்ப்புக் கத்தியால் ஒரே இழுவையில் இழுத்து, தகட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்க வேண்டும். கரைப்பான் வெளியேற, தண்ணீர் உள்ளே நுழைய, கண்ணுக்கு முன்னாலேயே படலம் வெள்ளையாகித் துளைகள் பிறக்கும். ஆனால் ஒரு ஜூன் மாதம் முழுக்க என் படலங்கள் தொட்டிக்குப் போகும் முன்பே பால்போல வெளுத்தன. கரைசலில் பிழையா, துகளில் பிழையா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், ஜன்னல் வழியாக வந்த மூடுபனி! காற்றின் ஈரத்தைக் குடித்தே படலம் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு வார்ப்புக்கும் ஈரப்பதத்தைக் குறித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான், ஈரத்தை அளந்து விட்டால் மேற்பரப்புத் துளைகளை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று பிடிபட்டது.

அப்புறம் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஆயிரம் மணித்தியாலம் ஓட வேண்டிய சோதனைக் கலம் மின்வெட்டில் திரும்பத் திரும்ப நின்றது. பொருள் வாங்கக் காசும் இல்லை. நல்லது என்று நான் நம்பிய தாள் ஆயிரம் மணித்தியாலம் தாங்குமா என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

லக்ஷபான நீர்மின் நிலையமும் மேல் கொத்மலை நிலையத்தின் 150 மெகாவாட்டும் எங்கள் மலைத் தண்ணீரில்தான் ஓடுகின்றன. அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். கேட்பது பெரிய தொகை இல்லை: ஈரப்பதம் கட்டுப்படுத்திய ஓர் அறை, கரைப்பான் நச்சு என்பதால் நல்ல புகைபோக்கிப் பெட்டி, இடையில் மின்சாரம் நிற்காத நாலைந்து சோதனைக் கலங்கள், வெளியேறும் ஒட்சிசனில் ஐதரசனை அளக்கும் கருவி. அதோடு, தோட்டப் பாடசாலைகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு ஆய்வு உதவித்தொகை, அதுவும் பதினோராம் மாதத்தில் அறுந்து போகாமல் மூன்று வருடத்துக்கு. இயந்திரம் வாங்க ஒப்பந்தம் போடும்போது, மாற்று மென்சவ்வைப் பொருத்திச் சோதிக்க இடம் தர வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

உங்களில் யாராவது வந்தால் வார்த்துக் காட்ட நான் தயார். பெப்ரவரியில் வாருங்கள், அப்போதுதான் காற்று காய்ந்திருக்கும்.

இப்படிக்கு,
மலையகத்து இரசாயனவியல் ஆசிரியை ஒருத்தி