கறுப்பிக்கும் இடம் தந்த திருகோணமலைக்கு

திருகோணமலையில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும்,

தைப்பொங்கல் முடிந்து வந்த வார இறுதியில், பழைய டொல்பின் வானில், கறுப்பி என்ற எங்கள் நாயோடு உங்கள் ஊருக்கு வந்த அக்காவும் தம்பியும் எழுதுகிறோம். நாங்கள் வவுனியா. உங்களில் பலர் பெயர் சொல்லாமலே உதவிவிட்டுப் போனீர்கள். பெயர் சொன்னவர்களும் அதை எழுத வேண்டாம் என்றீர்கள். செய்த உதவியை வாசித்தால் அவரவருக்குத் தெரியும்.

வானைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்து, காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான், நுளம்பு வலை எல்லாம் வைத்திருக்கிறோம். எங்கே நின்றாலும் அதுவே வீடு என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அது பாதிதான் உண்மை. மாரியில் வான் நிற்க இறுகிய நிலம் வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், மலசலகூடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாயைக் கண்டு முகம் சுளிக்காத அயல் வேண்டும். அதையெல்லாம் தந்தது நீங்கள்தான்.

பன்குளத்துக் கடைக்கார ஐயா, வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்களை மறித்ததற்கு நன்றி. "இருட்டுப்படுற நேரம் தனிய போகாதேங்கோ, யானை றோட்டுக்கு ஏறும். பஸ் வரும், அதுக்குப் பின்னால போங்கோ" என்றீர்கள். பஸ் வரும்வரை தேத்தண்ணீர் ஊற்றித் தந்தீர்கள். பஸ்ஸை மறித்துச் சாரதியிடமும் சொல்லிவிட்டீர்கள். அவர் எங்களைத் தவறவிடாமல் மெதுவாகவே ஓட்டினார். அவருக்கும் எங்கள் நன்றி.

கன்னியாவில் தேங்காயும் கச்சானும் விற்கும் அக்கா, நாங்கள் வெந்நீரூற்றுக்குப் போய்வரும்வரை கறுப்பியை உங்கள் கடைக் கப்பில் கட்டி வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். அங்கே 7 கிணறுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. மழை தூறும் தை மாதக் காலையில் வாளியால் அள்ளி ஊற்றக் குளிர் ஓடிப்போய்விடும். இராவணன் தாய்க்கு இறுதிக் கடன் கழித்த இடம் என்று நம்பி, அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் அன்றும் நின்றார்கள். அப்படியான இடத்துக்குள் நாயைக் கொண்டு போவது முறையல்ல. அதை நாங்கள் கேட்பதற்கு முன்பே புரிந்துகொண்டு "விட்டிட்டுப் போ தங்கச்சி" என்றவர் நீங்கள்.

இனி சல்லிப் பக்கத்துக் கடற்கரை மாமாவுக்கும் மாமிக்கும். உங்களுக்கு எவ்வளவு எழுதினாலும் போதாது.

வாடை தொடங்கினால் அந்தக் கரை வேறு கரை. ஆனி, ஆடியில் குளம் மாதிரிக் கிடக்கிற கடல், மார்கழியிலும் தையிலும் மணலைக் கரைத்துக்கொண்டு உள்ளே ஏறுகிறது. படகுகளை மேட்டில் இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். தென்னைகளின் கீழே நல்ல இடம் என்று நாங்கள் நிறுத்தப்போன இடத்தைப் பார்த்து, "அது இரவைக்குக் கடல் எடுக்கிற இடம்" என்று உங்கள் வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனீர்கள். அப்புறம் வானின் மூக்கை வடக்கே பார்த்து நிறுத்தச் சொன்னீர்கள். இந்த வானுக்கு இழுவைக் கதவு இடப் பக்கம். மூக்கு வடக்கே பார்த்தால் கதவு மேற்கே, நிலப் பக்கம் வரும். வடகிழக்கிலிருந்து அடிக்கிற வாடை மழையை உள்ளே கொண்டுவராது. எங்களுடைய தரப்பாள் படபடவென்று அடித்தபோது படகுக் கயிறு எடுத்துவந்து, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சுப் போட்டுத் தந்தீர்கள். விடியும்வரை அது அசையவில்லை.

மாமி, "பின் கதவு பூட்டமாட்டன், எந்தச் சாமத்திலயும் வா பிள்ளை" என்று நீங்கள் சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வெளியே தங்கிப் பழகிய பெண்களுக்குத்தான் தெரியும். காலையில் இடியப்பமும் மீன் சொதியும் தந்தீர்கள். கறுப்பிக்கு முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசைந்து தனியாக வைத்தீர்கள். உப்புப் போடாமல் அவித்தது என்று வேறு சொன்னீர்கள். நாய்க்கு உப்புக் கூடாது என்று யோசித்து ஒரு சட்டி தனியாக வைக்கிற மனம் எல்லோருக்கும் வராது.

சனிக்கிழமை நிலாவெளிக் கரையால் இறக்கக்கண்டி வரை நடந்தோம். அந்தக் கரையிலிருந்து சுமார் 1 கிலோமீற்றரில் தெரியும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. நாயோடு போகிற இடமல்ல. இந்தப் பருவத்தில் கடலும் விடாது. அதனால் கரை முழுக்க எங்களுக்கே கிடைத்தது. உல்லாசப் பயணிகள் வராத தை மாதத்தில்தான் அந்தக் கரை அதிக அழகு என்பது என் கருத்து: சாம்பல் நிற வானம், நுரை, ஈர மணலில் நண்டுகளைத் துரத்தி ஓடும் ஒரு நாய்.

வழியில் தண்ணீர் கேட்டு ஒரு முஸ்லிம் வீட்டுப் படலையில் நின்றோம். நாயோடு போய்க் கேட்கத் தம்பிக்குத் தயக்கம்; நாயின் எச்சில் பட்டால் அந்த வீட்டில் பாத்திரம் முறைப்படி கழுவ வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பெரியவரே, நீங்கள் எங்களுக்குச் செம்பிலும் கறுப்பிக்குச் சிரட்டையிலும் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தாகத்தில வந்த நாய்க்குத் தண்ணி குடுக்கிறதும் நன்மைதான் மகள்" என்றீர்கள். உங்கள் ஒழுங்கையும் விடாமல், எங்கள் கறுப்பியையும் விடாமல் நீங்கள் செய்த அந்த உபசரிப்பு எங்கள் வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது.

ஞாயிறு காலை கறுப்பியின் முன்காலில் தூண்டில் ஏறியது. கடல் ஒதுக்கிய பழைய நைலோன் நூலோடு மணலில் புதைந்து கிடந்த தூண்டில். அவள் கத்திய கத்தலில் வாடியிலிருந்து ஓடிவந்த மாமாவின் மகன், இழுக்கப்போன என் கையைத் தடுத்து, "அக்கா, தூண்டிலுக்கு எதிர்முள்ளு இருக்கு, இழுத்தா சதையைக் கிழிச்சுக்கொண்டு வரும்" என்றார். நூலைக் கிட்டவாக வெட்டினார். நக்கி விழுங்கிவிடாமல் சாரத் துணியால் வாயைத் தளர்வாகக் கட்டினார். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்திராவிட்டால் நூல் வயிற்றுக்குள் போயிருக்கும்; குடலைச் சுருட்டிவிடும் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

இரவு மழையில் பாதை சேறாகி வான் அசைய மறுத்தது. ஓட்டோக்கார அண்ணா, இரத்தம் வடிகிற நாயை ஏற்றுவீர்களா என்று கேட்க வாயெடுக்கும் முன் இருக்கையில் சாக்கு விரித்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை, அரச கால்நடை வைத்திய நிலையம் பூட்டு. எங்கே போவது என்று எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருந்தது.

டொக்டர், விடுமுறை நாளில் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு எங்கள் பிள்ளையைப் பார்த்தீர்கள். காலை மரக்கச் செய்து, தூண்டிலின் நுனியை முன்னால் தள்ளி வெளியே எடுத்து, எதிர்முள்ளைக் குறட்டால் வெட்டிவிட்டு, மிச்சத்தை வந்த வழியே உருவினீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்தீர்கள். வலிக்கு வீட்டிலிருக்கிற பரசிற்றமோலைக் கொடுக்க வேண்டாம், நாய்க்கு அது நஞ்சாகலாம் என்றீர்கள். விசர்நாய்த் தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்த்தீர்கள். மாரியில் வயல் ஓரத்துத் தேங்கல் தண்ணீரைக் குடிக்கவிட்டால் எலிக்காய்ச்சல் வரும், அதற்கும் ஊசி போடுங்கள் என்றீர்கள். போட்டுவிட்டோம் டொக்டர். மருந்துக் காசை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

திரும்பி வந்தால் வான் றோட்டில் நிற்கிறது! உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்துவிட்ட தம்பி, காசு வேண்டாம் என்று போய்விட்டீர்களாம். உங்களை நாங்கள் பார்க்கவே இல்லை. மாமா சொல்லித்தான் தெரியும்.

ஊருக்குத் திரும்பும் முன் டச்சுக்குடாக் கடற்கரையில் சந்தித்த ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியிலேயே மேயும், நாயைக் கண்டால் வெருண்டு வாகனத்துக்குள் பாயும் என்று எங்களை மறுபக்கத்தால் அனுப்பினீர்கள். மான்கள் பொலித்தீனைத் தின்று சாகின்றன என்று நீங்கள் சொல்ல, எங்கள் குப்பையோடு அங்கே கிடந்ததையும் பொறுக்கி வவுனியாவுக்கே கொண்டுவந்தோம்.

கறுப்பியின் காயம் ஆறிவிட்டது. நொண்டல் இல்லை. மாமா, தரப்பாளோடு சேர்ந்து உங்கள் படகுக் கயிறும் எங்களோடு வந்துவிட்டது. கழுவிக் காயவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறோம். கடல் அடங்கியதும் சித்திரையில் கொண்டுவந்து தருகிறோம். மாமிக்கு வவுனியா உழுந்தும், எள்ளும் வரும்.

நன்றியுடன்,
வவுனியாவிலிருந்து அக்காவும் தம்பியும், கறுப்பியும்