ஒரு கோடு போட்டுத் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் ஏழாவது மாடித் தாழ்வாரத்தில், என் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு செருப்பு அலமாரி இருந்தது. பக்கத்தில் துளசித் தொட்டி. அதற்கும் பக்கத்தில் பேரனின் சைக்கிள். போன மாதம் அளவு நாடாவை எடுத்து வந்து, சைக்கிளுக்கும் எதிரே இருக்கும் கட்டைச் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தேன். 95 சென்டிமீட்டர். விதிப்படி 1.2 மீட்டர் இருக்க வேண்டும். ஆக, இந்தக் கடிதத்தில் நான் குறை சொல்லப்போகிறவர்களில் முதல் ஆள் நானேதான்.

அளக்கும் எண்ணம் சும்மா வரவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒருநாள், விடிகாலை மூன்று மணி இருக்கும், என் கணவர் சர்க்கரை இறங்கிக் குளியலறையில் விழுந்துவிட்டார். அவசர எண் 995-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. மின்தூக்கியிலிருந்து எண்ணினால் எங்களுடையது எட்டாவது கதவு. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் நான்காவது கதவருகே நின்றுவிட்டார்கள். ஒரு பக்கம் யாரோ வெளியே போட்ட துணி அலமாரி. எதிரே, கட்டைச் சுவரோரம் தண்ணீர் இல்லாத ஒரு மீன் தொட்டி, அதன்மேல் அட்டைப் பெட்டிகள். எல்லாவற்றையும் நகர்த்தி வழி பண்ண இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. அத்தனை நேரமும் நான் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு அந்த மீன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் சந்தைக்குப் போய்வந்தேன். அன்றுவரை அது என் கண்ணை உறுத்தியதே இல்லை.

கணவர் இப்போது நலமாக இருக்கிறார். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மீன் தொட்டியை உடைச்சிட்டாங்களா?" என்பதுதான். உடைக்கவில்லை.

தீயணைப்பையும் ஆம்புலன்ஸையும் பார்த்துக்கொள்ளும் குடிமைத் தற்காப்புப் படையும், புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றங்களும் சொல்லும் விதி ஒன்றும் சிக்கலானதல்ல. தாழ்வாரத்தில் எந்நேரமும் 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும். படிக்கட்டிலும் அதன் திருப்பங்களிலும் எதையும் வைக்கக் கூடாது. செருப்பு அலமாரியே கூடாது, பூந்தொட்டியே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மூவறை வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இடம் எங்கே போதும் என்பது அவர்களுக்கும் தெரியும். நல்ல தளர்வுதான். ஆனால் 'கொஞ்சம் வைக்கலாம்' என்றால் நாம் அந்தக் கொஞ்சத்தை எப்படிப் புரிந்துகொள்வோம்? முதலில் செருப்பு அலமாரி. அதன்மேல் குடைகள். அப்புறம் தீபாவளிக்குப் புது சோபா வந்ததும் வெளியே போன பழைய நாற்காலி. அந்த நாற்காலியின் மேல் பழைய செய்தித்தாள்.

மீன் தொட்டிக்காரர் நல்ல மனிதர். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் வேறு. மெதுவாகப் பேச்செடுத்தேன். "அக்கா, நம்முடையது திறந்த தாழ்வாரம். புகை அப்படியே வெளியே போய்விடும். மூடின கட்டடத்தில்தான் இதெல்லாம் ஆபத்து" என்றார். பாதி சரி. மூடிய நடையில் புகை தேங்குவதுபோல் இங்கே தேங்காது. ஆனால் வீவக வீட்டுக்கு வாசல் ஒன்றுதானே? அந்த வாசலை ஒட்டி ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் பெட்டியும் பழைய மெத்தையும் எரிந்தால், உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாக வெளியே வருவார்கள்? போதாக்குறைக்கு, எங்களுடையதைப்போன்ற பழைய புளோக்குகளில் ஒரு படுக்கையறையின் ஜன்னல் தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் இருக்கும். பெரும்பாலும் பாட்டிக்கோ பிள்ளைகளுக்கோ ஒதுக்கிய அறை அது. புகை வானத்துக்குப் போகும், சரி. அந்த ஜன்னல் வழியாக உள்ளேயும் வரும்.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு வீவக வீட்டில் தீப்பிடித்து ஒருவர் இறந்தார். அந்த வீட்டில் மூன்று மின்ஸ்கூட்டர்கள் எரிந்து கிடந்தன. 2022 மே மாதம் பிடோக் நார்த்தில் நடந்த தீவிபத்தில் மூன்று பேர் போனார்கள்; அவர்களில் ஒன்று மூன்று வயதுக் குழந்தை. வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்த பொருட்களுக்கு நடுவே தீயணைப்பு வீரர்கள் வழி தேட வேண்டியிருந்தது. இரண்டும் வீட்டுக்குள் நடந்தவை, தாழ்வாரத்தில் அல்ல. ஆனால் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு எங்கள் மாடியில் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? மின்சைக்கிளை வீட்டுக்குள் வைத்தால்தானே ஆபத்து என்று வெளியே நிறுத்தி, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறார். லித்தியம் பேட்டரி மெல்லப் புகைந்து நமக்கு அவகாசம் கொடுக்கும் ரகம் இல்லை. குப்பென்று பிடிக்கும். அது நிற்கும் இடமோ அவர் குடும்பம் வெளியே வர வேண்டிய ஒரே வாசல்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னீர்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. தாழ்வாரம்தான் எங்கள் தெரு. நோன்புப் பெருநாளுக்கு அடுத்த வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) பலகாரம் கொண்டுவருவதும், நான் முறுக்கு கொண்டுபோவதும் இதே வழியில்தான். கைப்பேசியில் செயலி இருக்கிறது, படம் எடுத்து அனுப்பினால் நடவடிக்கை எடுப்பார்கள். ஆனால் ஒரு மாடியில் பதினொரு வீடு. புகார் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? முப்பது வருடப் பழக்கத்தை ஒரு செருப்பு அலமாரிக்காகக் கெடுத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நகர மன்றத்தார் அவ்வப்போது வந்து பொருட்கள்மேல் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். ஒட்டியதும் சாமான்கள் வீட்டுக்குள் போகின்றன. இரண்டு வாரம் கழித்து மூச்சுவிட வெளியே வந்ததுபோல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எடுத்தது ஏன், எவ்வளவு தள்ளி வைத்திருந்தால் எடுக்க வேண்டியதில்லை என்பது யாருக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை. 1.2 மீட்டர் என்று எழுதினால் போதுமா? அளவு நாடாவோடு யார் அலைகிறார்கள்?

அதனால் நகர மன்றத்தாருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். கட்டைச் சுவரிலிருந்து 1.2 மீட்டர் அளந்து, தாழ்வாரத் தரையில் நீளமாக ஒரு மஞ்சள் கோடு போட்டுத் தாருங்கள். கோட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இருப்பது இருக்கட்டும், கோட்டைத் தாண்டியது உள்ளே போகட்டும். அகலம் போதாத தாழ்வாரத்தில் கோடு போடவே இடம் இருக்காது. அங்கே எதுவும் வைக்கக் கூடாது என்பது தானாகவே புரிந்துவிடும். 2020-இல் கொரோனா வந்தபோது தரையில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து ஒரு மீட்டர் தள்ளி நின்றவர்கள்தானே நாம்? பக்கத்தில் நின்றவரை 'தள்ளி நில்லுங்கள்' என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டிக்கர் சொன்னது. இங்கேயும் கோடு சொல்லட்டும், நான் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாடிக் கோடியில் ஒரு சீனத் தாத்தா அட்டைப் பெட்டிகள் சேர்த்துவைக்கிறார். தாழ்வாரத்தில் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் தீப்பிடிக்கக்கூடியது அதுதான். ஆனால் அதை விற்றுத்தான் அவர் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறார். கோடு அவருக்கு மட்டும் தண்டனையாகிவிடக் கூடாது. பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் வரும்வரை அட்டைகளை வைத்துக்கொள்ளக் கீழ்த்தளத்தில் பூட்டுப் போட்ட ஒரு சின்ன இடம் கொடுத்தால் போதும். பெரிய சாமான்களை இலவசமாக எடுத்துச் செல்லும் சேவை பல நகர மன்றங்களில் இருக்கிறது. அதை நான்கு மொழியிலும் மின்தூக்கிக்குள் ஒட்டிவைத்தால் பாதி அலமாரிகள் தாமாகவே போய்விடும். மீன் தொட்டி அப்படித்தான் போன வாரம் போனது. தொலைபேசி எண்ணைத் தேடிக் கொடுத்தது நான்தான்.

என் வாசலில் இப்போது 1.23 மீட்டர் இருக்கிறது. சைக்கிள் வரவேற்பறையில் நிற்கிறது. பேரனுக்கு அதில் ஏக சந்தோஷம், எனக்கு இல்லை. செருப்பு அலமாரிக்குப் பதில் சுவரில் மாட்டும் ஒல்லியான ஒன்று வாங்கியாயிற்று. துளசியைச் சமையலறை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அங்கே வெயில் போதவில்லை, இலை பழுக்கிறது. கோடு வந்தால் கோட்டுக்கு உள்பக்கமாகப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஏழாவது மாடி வாசகி,
சிங்கப்பூர்