ஹெச்.எம். ஆகிவிட்ட செல்விக்கு

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஹெச்.எம். பொறுப்பு ஏற்றுவிட்டாய் என்று போனில் கேட்டபோதே ரொம்ப சந்தோஷம். ஆனால் நீ உட்கார்ந்து எழுதிய நாலு பக்கத்தைப் படித்த பிறகுதான் உன் மனசில் என்ன ஓடுகிறது என்று புரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "நம்ம செல்வியா ஹெச்.எம்.மு? அவ அம்மா இருந்து பார்த்திருக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது கொஞ்சம் தேவலை. பெரியவன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். சின்னவள் பத்தாவது, அவளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னைவிட வயதில் மூத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மீட்டிங்கில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், வெளியே போனதும் அவரவர் வழியில் போகிறார்கள், வீட்டிலும் இதே கதைதான் என்று எழுதியிருந்தாய். பயிற்சியில் "தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்களே, அதை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய்.

இத்தனை வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தீர்மானமான எண்ணம் உண்டு. உனக்குக் கீழே இருப்பவர்களில் ஆகச் சின்னவர், "மேடம், இது தப்பாகப் போகுது" என்று சரியான நேரத்தில் உன்னிடம் வந்து சொல்கிறாரா? அதைப் பார். எடுப்பாகப் பேசுவது, மேடையில் நிற்பது, எல்லாருக்கும் முன்னால் முடிவு எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில் தெனெரீஃப் விமான விபத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவில், பனிமூட்டத்தில், ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். ஒன்று கே.எல்.எம்., இன்னொன்று பான் ஆம். கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர், விளம்பரத்தில் அவர் படம் போடும் அளவுக்குப் பேர் பெற்றவர். அன்றைக்கு ஏற்கெனவே நேரம் ஆகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து கிளம்பச் சொல்லி அனுமதி வரவில்லை, ஆனால் வந்துவிட்டதாக நினைத்து விமானத்தை ஓடவிட்டார். அதே காக்பிட்டில் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியருக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். அதற்கு மேல் இன்ஜினியர் பேசவில்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைக் கேட்ட நாளிலிருந்து நான் அந்த இன்ஜினியரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். அவருக்குச் சந்தேகம் இருந்தது, வாய்விட்டும் கேட்டார். இரண்டாவது தடவை கேட்க மட்டும் முடியவில்லை. எதிரில் இருந்தவர் அவ்வளவு பெரிய ஆள். உன் பள்ளியில் தலையாட்டிவிட்டுப் போகிறவர்களை இந்த இடத்தில் வைத்துப் பார், செல்வி. அவர்கள் உன்னை மதிக்கவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹெச்.எம். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தலையாட்டிப் பழகியவர்களாக இருக்கலாம்.

அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் விமானத் துறையில் கேப்டனுக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி வந்தது. கீழே இருப்பவர் எப்படிச் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர் எப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம் அது மருத்துவமனைக்கும் வந்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கு ஒரு செக்லிஸ்ட் வெளியிட்டது. ஒரே பக்கம், மொத்தம் 19 விஷயங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒரு தடவை, கத்தி வைக்கும் முன் ஒரு தடவை, நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் ஒரு தடவை நிறுத்திக் கேட்க வேண்டும். எட்டு நகரங்களில், டெல்லியும் அதில் ஒன்று, நகரத்துக்கு ஒரு மருத்துவமனையில் நடத்திப் பார்த்தபோது அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்பவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள். 2009இல் அந்த முடிவு வெளிவந்தது.

அந்த 19இல் எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? கத்தி வைக்கும் முன் அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும். முதலில் எங்கள் டாக்டர்களே, "தினமும் பார்க்கிற முகம்தானே, இது எதற்கு?" என்றார்கள். ஆனால் ஒரு தடவை தன் குரலை அந்த அறையில் கேட்டுவிட்ட பெண்ணுக்கு, இரண்டாவது தடவை வாய் திறப்பது அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை. இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சமீபத்தில் ஒரு வயிற்று ஆபரேஷன். தையல் போடத் தொடங்கும் நேரம். ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணிகளை, மாப் என்போம், எண்ணிக்கொண்டிருந்த ஸ்டூடண்ட் நர்ஸ், பத்தொன்பது வயசு இருக்கும், "சார், ஒண்ணு குறையுது" என்றாள். குரல் நடுங்கியது. சர்ஜன் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார், வெளியே அடுத்த கேஸ் காத்திருக்கிறது. அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, எல்லாரும் தேடுங்க" என்றார். மேஜைக்கு அடியில், காலால் தள்ளப்பட்டுக் கிடந்தது. வயிற்றுக்குள் இல்லை. அவர் நினைத்திருந்தால் "சரியா எண்ணத் தெரியாதா?" என்று கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, "சொன்னது நல்லது, நாளைக்கும் இப்படியே சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்த தியேட்டரில் நின்றாலும் வாய் திறந்து சொல்கிறாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சொல்கிறார்கள். அந்த சர்ஜனை நான் தலைவர் என்பேன்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். ரத்தம் பீறிடும்போது யாரையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்க முடியாது. அப்போது ஒருவர்தான் பேச வேண்டும், மற்றவர்கள் செய்ய வேண்டும். அதிலும் ஒரு முறை இருக்கிறது. "யாராவது ரத்த வங்கிக்குப் போன் பண்ணுங்க" என்றால் யாரும் பண்ணமாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் பண்ணுவார் என்று இருந்துவிடுவார்கள். பெயர் சொல்லி ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடித்ததும் "முடிஞ்சது" என்று வந்து சொல்ல வேண்டும். ஆண்டு விழா, மருத்துவ முகாம் என்று உன் பள்ளியில் வேலை குவியும் நாட்களில் இதைச் செய்து பார். "நாம எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று மட்டும் மீட்டிங்கை முடிக்காதே.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் என்ன செய்வது என்று கேட்டாயே, என்னைப் பொறுத்தவரை பழக வேண்டிய இடமே அதுதான். மருத்துவமனையில் எட்டு மணி நேரம் பொறுமையாக இருந்துவிடலாம். களைத்துப் போய் வீட்டுக்குள் நுழையும்போது யாராவது கெட்ட சேதி சொன்னால் நம் முகம் எப்படிப் போகிறது என்பதில்தான் உண்மை தெரியும்.

சின்னவள் போன மாதம் கணக்குப் பரீட்சையில் ஃபெயில். அந்தப் பேப்பரை அவளே கொண்டுவந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்த என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கணக்கு முதல்ல புரியாம போச்சு?" என்று மட்டும் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்து, ஒன்பதாவதிலேயே இயற்கணிதம் பிடிபடவில்லை என்றும், அதற்கு மேல் எல்லாம் மனப்பாடம் செய்துதான் ஓட்டினேன் என்றும் சொன்னாள். ஒரு வருஷத்து விஷயம் ஒரு கேள்வியில் வெளியே வந்துவிட்டது. இப்போது பெரியவன் ராத்திரி அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறான். நான் எட்டிப் பார்ப்பதில்லை. அவன் சொல்லிக்கொடுக்கும் முறை எனக்குச் சரியாகப் படாவிட்டாலும் நடுவில் போவதில்லை. அவனுக்கும் அது ஒரு பொறுப்பு, அதைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, உனக்குத் தெரியும். காலில் சின்னப் புண் வந்தால்கூட மறைக்கிற வயசு. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்ற கேள்வியை நம் வீட்டில் யாரும் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்டால் அடுத்த தடவை இன்னும் தாமதமாகத்தான் சொல்வார்கள். இப்போது செருப்பு கடித்தால்கூட காலை நீட்டிக் காட்டுகிறார்.

பழக்கங்கள் பற்றிக் கேட்டிருந்தாய். காலை நாலரை மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். நாலரைக்கு நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் எழுந்துதான் கோலம் போடுகிறார்கள், சமைக்கிறார்கள். எழுவது பிரச்சினை இல்லை, தூங்குவதுதான் பிரச்சினை. நீ முதலில் ராத்திரி சரியாகத் தூங்கு. தூக்கம் கெட்டவள் முகத்தில் பொறுமை நிற்காது. நைட் டியூட்டி பார்க்கும் எனக்கு இது அனுபவம்.

நான் விடாமல் செய்வது ஒன்று உண்டு. பழைய டைரியில், படுக்கும் முன் ஒரே ஒரு வரி எழுதுகிறேன்: எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றை இன்றைக்கு என்னிடம் யார் வந்து சொன்னார்? வார்டு ஆயா சொல்லியிருப்பார், மகள் சொல்லியிருப்பாள், ஆட்டோக்காரர்கூட. தொடர்ந்து சில நாள் அந்த வரி காலியாக இருந்தால், எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. என்னிடம் வருவதை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் நானே போய் நின்று கேட்கிறேன்.

நம் மதுரையிலேயே இதற்குப் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களை வைத்துக்கொண்டே கண் அறுவை சிகிச்சை பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். உடன்பிறந்தவர்களையே வேலையில் சேர்த்துக்கொண்டார், அவர்களும் வந்து நின்றார்கள். தன்னைத்தானே கேள்வி கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதும் பழக்கம் அவருக்கு இருந்தது. நான் அதிகம் மதிப்பது இன்னொன்றை. கிராமத்துப் பெண் பிள்ளைகளை எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து தியேட்டர் வேலைவரை பெரும்பகுதியை அவர்கள் கையில் கொடுத்தார். டாக்டர் ஒரு மேஜையில் முடிப்பதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அந்தத் தயார் செய்யும் வேலையை நம்பி ஒப்படைத்ததால்தான் அத்தனை பேருக்குப் பார்வை கொடுக்க முடிந்தது. 2006இல் அவர் மறைந்த பிறகும் அங்கே வேலை நின்றுபோகவில்லை. அண்ணா நகர் பக்கம் போகும்போது அந்தப் பெண்களைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

உன் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கில் நீ கடைசியாகப் பேசு. கடைசியாகச் சேர்ந்த ஆசிரியரை முதலில் பேசச் சொல். நீ முதலில் உன் எண்ணத்தைச் சொல்லிவிட்டால் அவர் அதையேதான் திருப்பிச் சொல்வார். மூத்தவர்களில் ஒருவரை, அவர் நன்றாகச் செய்யும் ஒரு வேலைக்கு முழுப் பொறுப்பாக்கு. நூலகமோ, காலைக் கூட்டமோ, எதுவானாலும். கொடுத்த பிறகு நடுவில் போய்த் திருத்தாதே.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் விடாதே. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பெரும்பாலும் அந்தத் தாய்மார்கள் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, சத்துணவு எப்படி இருக்கிறது, எந்தப் பிள்ளை நாலு நாளாக வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் உன்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் பேசத் தயங்கினால், கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் மரத்தடியில் அவர்களோடு உட்கார். அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தையாவது அடுத்த கூட்டத்துக்குள் செய்துமுடித்து, யார் சொல்லி நடந்தது என்று எல்லார் முன்னாலும் சொல்.

முதல் மாதம் ஒன்றும் நடக்காத மாதிரித்தான் தெரியும். யாராவது ஒருவர் வந்து உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்வார், அநேகமாக வேலை முடியாத ஒரு மத்தியான நேரத்தில். அப்போது நீ என்ன சொன்னாய் என்பது சாயங்காலத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும்.

முதல் பருவ விடுமுறையில் பிள்ளைகளோடு இங்கே வந்துவிடு. அம்மா உனக்கென்று நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். மீட்டிங் எப்படிப் போனது என்று வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே எழுது. முதலில் பேசியது யார், என்ன சொன்னார் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
உன் தேவி