‘பார்த்துப் போ’ போதாது
கோத்தகிரி

கண்ணு,

போனில் பேசும்போது பாப்பா பக்கத்திலேயே நின்றாள். அவள் காதுபடச் சொல்ல வேண்டாமென்றுதான் எழுதுகிறேன். கதவில் இடித்துக்கொள்கிறாள், தம்ளரைத் தட்டிவிடுகிறாள், பென்சிலை அழுத்தி முனையை ஒடிக்கிறாள், ஸ்கூலில் கவனமில்லாத பிள்ளை என்கிறார்கள் என்றாய். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளோடு கிடந்தவள் சொல்கிறேன்: அவளுக்குத் தன் உடம்பு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட்டுப் பார். விரல் சரியாகப் போய்ச் சேருகிறதல்லவா? கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசையும் மூட்டும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, சுற்றுகிறது என்பதை உள்காது சொல்கிறது. நாம் படித்த ஐம்புலன் கணக்கில் இந்த இரண்டும் கிடையாது. ஏறி, விழுந்து, தூக்கி, தள்ளித்தான் இவை தேறும்.

உங்கள் ஃபிளாட்டில் தரையெல்லாம் வழவழ டைல்ஸ், ஏறி இறங்க லிஃப்ட். காலுக்கு என்ன வேலை இருக்கிறது? மே மாதம் இங்கே தேயிலைக்கு நடுவே அவள் இறங்கினாளே, கவனித்தாயா? முதலில் உட்கார்ந்து உட்கார்ந்து சறுக்கினாள். அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை ஊன்றி மண் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்து, அடுத்ததை வைத்தாள். செடியைப் பிடிக்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு முட்டியை வளைத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. நீதான் மேலே நின்று ‘பார்த்து, பார்த்து’ என்று கத்தினாய்! பாவம், அவள் காலைக் கவனிப்பாளா, உன்னையா?

அங்கே சரிவுக்கு எங்கே போவது என்பாய். கனமான வேலை கொடு. துணிக்கூடையைத் தள்ளட்டும், அரை வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிப் போகட்டும், சப்பாத்தி மாவு பிசையட்டும். இழுப்பதும் தள்ளுவதும் சுமப்பதும்தான் தசைக்கும் மூட்டுக்கும் நன்றாக உறைக்கும். மொட்டை மாடியில் பாண்டி கட்டம் போட்டுக் கொடு. நொண்டியடித்துக் கோட்டை மிதிக்காமல் நிற்பது லேசான காரியமில்லை. ‘ஸ்டாச்சூ’ சொன்னதும் உறைந்து நிற்கும் விளையாட்டும் நல்லது. தட்டாமாலை சுற்றட்டும், போதும் என்றால் உடனே நிறுத்திவிடு. மாப்பிள்ளை அவளைக் காலைப் பிடித்துத் தூக்கிக் கையால் நடக்க வைக்கட்டும், அவருக்கும் தொப்பை குறையும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிஷம் நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஒரே மூச்சில் வேண்டியதில்லை, நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். இதற்கென்று விலை போட்டு விற்கும் சாமான் எதையும் வாங்காதே.

ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துவிடு. முன்னால் செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, தடுமாற்றம் கூடிக்கொண்டே போனாலோ விளையாட்டை நம்பி உட்கார்ந்திருக்காதே, குழந்தை டாக்டரிடம் காட்டு.

தீபாவளிக்கு வரும்போது அந்த லைட் எரிகிற ஷூ வேண்டாம். அடி மெல்லிசாக, பிடிப்புள்ளதாக ஒன்று பார்த்து வாங்கு. ஐப்பசி மழையில் நம் பாதை வழுக்கும்.

அம்மா