இரவு 8.30க்குள் வகுப்பை முடியுங்கள்: பினாங்கு டியூஷன் ஆசிரியர்களுக்கும் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கோயில் நிர்வாகத்தினர், இயக்கப் பொறுப்பாளர்கள், டியூஷன் ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த்திலும் பிறையிலும் ஜார்ஜ்டவுனிலும் நீங்கள் நடத்தும் வகுப்புகள் இல்லையென்றால், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) கணிதத்தைப் பாதியிலேயே கைவிடும் பிள்ளைகள் நிறையப் பேர். அந்த நன்றியோடுதான் ஒன்று கேட்கிறோம். பள்ளி நாள்களில் வகுப்பை இரவு 8.30க்குள் முடித்துவிடுங்கள்.

“பதினாறு வயசுப் பிள்ளை, பத்து மணிவரைக்கும் உட்கார முடியாதா?” என்று கேட்பீர்கள். உட்கார முடியும். அதற்குப் பிறகு தூங்க முடியாது என்பதுதான் சிக்கல்.

பருவம் எய்தும் வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. இரவு வந்துவிட்டதென்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின், சின்ன வயதில் சுரந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கும். ஆறாம் ஆண்டில் ஒன்பது மணிக்கே நாற்காலியில் சாய்ந்து தூங்கிய பிள்ளை, மூன்றாம் படிவத்தில் (பதினைந்து வயதில்) பதினொரு மணிவரை விழித்திருப்பது திமிரால் அல்ல. ஆனால் தூக்கத்தின் தேவை அந்த அளவுக்குக் குறைவதில்லை. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்.

தள்ளிப்போன கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம். பினாங்கில் அதுவும் கிடைப்பதில்லை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன்பே சூரியனைவிட முந்தி ஓடிய நம் கடிகாரம், இப்போது ஏறக்குறைய 1 மணி 19 நிமிடம் முன்னால் ஓடுகிறது. இங்கே ஆண்டு முழுவதும் 7 மணிக்கு முன் சூரியன் உதிப்பதில்லை. பிப்ரவரித் தொடக்கத்தில் 7.30ஐயும் தாண்டிவிடும். காலை ஆறேகாலுக்குப் பள்ளி வேனில் ஏறும் பிள்ளை, உடலின் கணக்கில் நடு இரவை ஒட்டிய நேரத்தில் எழுப்பப்பட்டவன்.

பத்து மணிக்கு வகுப்பு முடிந்தால் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு சேர 10.30. குளித்துச் சாப்பிட 11.15. பள்ளி வீட்டுப்பாடம் 12.15 வரை. கண் அயர 12.45. காலை 5.30க்கு எழுந்தால் தூக்கம் 4 மணி 45 நிமிடம். மறுநாள் மதியம் பள்ளி விட்டு வந்ததும் மூன்று மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்குவான். அன்றிரவு இன்னும் தாமதமாகத்தான் தூக்கம் வரும். சனிக்கிழமை பதினொரு மணிவரை தூங்கி, திங்கள்கிழமை மறுபடியும் தொடக்கத்துக்கே வந்து நிற்பான்.

படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். இவற்றைவிட வீட்டில் முதலில் கண்ணுக்குத் தெரிவது கோபம். உணர்ச்சியை அடக்கும் முன்மூளை இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பது. தூக்கம் கெட்டால் அதுதான் முதலில் தடுமாறும். “ஏன்யா சாப்பிடல?” என்று அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு அறைக்கதவு படாரென்று சாத்தப்படும். 16 வயதில் மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் எடுக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்; அந்தத் தூக்கக் கலக்கத்தோடுதான் அவன் உங்கள் வகுப்பிலிருந்து வண்டியை எடுக்கிறான்.

வகுப்பை 6.45க்குத் தொடங்கி 8.30க்கு முடிக்கலாம். கூடுதல் கணிதம்போல் நேரம் கேட்கும் பாடத்தைச் சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். விழித்த மூளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மணிக்கணக்கைப் பார்த்துத்தான் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள் என்று தயங்க வேண்டாம், இந்தக் கணக்கைக் காட்டினால் அவர்களுக்குப் புரியும். இடைவேளையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) வேண்டாம். தேநீரிலிருந்து உடம்பில் ஏறிய கஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதுக்கு மேல் கேள்வித்தாள் அனுப்பாதீர்கள். அனுப்பினால், “கைப்பேசியைக் கூடத்தில் வச்சிட்டுப் படு” என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாது. பள்ளி முடிந்து வருபவர்களை நான்கு மணிக்கு முன் 25 நிமிடம் மட்டும் தூங்கச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி கூடுதலாகத் தூங்கினால் போதும்.

இப்படியெல்லாம் செய்தாலும் பள்ளி நாளில் எட்டு மணி நேரம் கிடைக்காது. ஆறேகால் மணி நேரம் கிடைக்கும்; அந்த 25 நிமிடத் தூக்கத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய ஆறேமுக்கால். அந்த ஏறக்குறைய இரண்டு மணி நேர வித்தியாசமே பெரிது.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கியும் ஒரு பிள்ளை சோர்ந்தே இருந்தால், காரணம் வேறாக இருக்கலாம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் பலருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மாதவிடாய் சீராக வராமல் இருக்கலாம், சிலருக்கு மிக அதிகமாகவும் போகும். ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒன்றிரண்டு மணிக்கொருமுறை பேட் மாற்ற வேண்டியிருந்தாலோ, இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்க அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஹீமோகுளோபின் சோதனை எடுக்க வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும், இரும்புச்சத்து நன்றாகச் சேரச் சோற்றோடு ஒரு துண்டு கொய்யா இருக்கட்டும். குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளையையும், எதிலும் பிடிப்பில்லாமல் ஒதுங்கியே இருக்கும் பிள்ளையையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் தலை சாய்வது யார் என்பதைப் பெற்றோருக்கு முன்பே பார்ப்பவர்கள் நீங்கள்.

ஆறு வாரம் மட்டும் 8.30 மணி அட்டவணையை நடத்திப் பாருங்கள். தொடங்கும் வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் ஒரே அளவிலான சோதனை வையுங்கள். கடைசி அரை மணியில் எத்தனை பேர் கண் மூடினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அந்தத் தாளைப் பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

அன்புடன்,
பினாங்கு இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியர்களும் தாதியரும் சிலர்