ஃபினீசியர் கொண்டுவந்த சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் பற்றிய பயணக் கட்டுரையில், உலர்திராட்சை போட்டு, குங்குமப்பூவின் மஞ்சளேறிய பன்னைப் பற்றிய பகுதி நாவூற வைத்தது. ஆனால், பழங்காலத்தில் இன்றைய லெபனான் கடலோரத்திலிருந்து வெள்ளீயம் வாங்க வந்த ஃபினீசிய வணிகர்களே குங்குமப்பூவையும் அதன் பெயரையும் அங்கே விட்டுச் சென்றார்கள் என்று எழுதியிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கார்ன்வால்காரர்கள் ஆசையாகச் சொல்லிக்கொள்ளும் கதை அது. கதை நன்றாகத்தான் இருக்கிறது, சொல்தான் ஒத்துழைக்க மறுக்கிறது.

கார்ன்வாலின் சொந்த மொழியான கார்னிஷில் அந்தப் பண்டத்துக்கு 'தெசன் சாஃப்ரன்' என்று பெயர். 'தெசன்' என்றால் கேக். வேல்ஸ் மொழியிலும் 'தெய்சன்' உண்டு, ஆகவே அது வீட்டுச் சரக்கு. 'சாஃப்ரன்' இரவல். ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கு அதைத் தந்தது, 1066 நார்மன் படையெடுப்புக்குப் பிறகு அங்கே கோலோச்சிய பிரெஞ்சு. பிரெஞ்சுக்காரர்களின் 'சஃப்ரான்' இடைக்கால லத்தீன் வழியாக அரபியின் 'ஸஃபரான்' வரை போகிறது. ஸ்பானியர்கள் அரபியரிடமே நேராக வாங்கினார்கள். அதனால் அரபியில் பெயருக்கு முன்னால் வரும் 'அல்' என்பதன் மிச்சமும் ஒட்டிக்கொண்டு 'அஸஃப்ரான்' ஆனது. கார்னிஷ் சொல்லில் அந்த முன்னொட்டின் சுவடே இல்லை.

சரி, ஃபினீசியரே கொடுத்திருந்தால்? அவர்கள் பேசியது எபிரேயத்துக்கு மிக நெருங்கிய மொழி. எபிரேயத்தில் குங்குமப்பூ 'கர்கோம்'. உன்னதப்பாட்டில் வருகிறது, தமிழ் பைபிள் அதைக் 'குங்குமம்' என்கிறது. கிரேக்கரின் 'குரோகோஸ்' அதற்குச் சொந்தம். அப்படியானால் கார்னிஷிலும் ககரத்தில் தொடங்கும் ஒரு பெயரல்லவா தங்கியிருக்க வேண்டும்?

வெள்ளீயம் அவ்வளவு தூரம் போனதை நான் மறுக்கவில்லை. இஸ்ரேல் கடலோரத்தில் கிடைத்த வெண்கலக் கால வெள்ளீயக் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், அவை கார்ன்வால், டெவன் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வந்திருக்கலாம் என்று 2019-இல் எழுதினார்கள். சரக்கு பல கை மாறியும் போகும். ஃபினீசியர் கார்ன்வாலில் வந்து இறங்கியதற்கு அகழாய்வுச் சான்று கிடையாது.

அப்புறம் இன்னொன்று. படத்தின் கீழே கார்னிஷை 'ஆங்கிலத்தின் வட்டார வழக்கு' என்று போட்டிருக்கிறீர்கள். அது வேல்ஸ், பிரெட்டன் மொழிகளோடு பிறந்த கெல்டிக் மொழி. பேச்சில் மறைந்து, 20-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுக்கப்பட்டு, இன்று மறுபடியும் பேசப்படுகிறது. ஃபினீசியர் விஷயத்தில் கட்டுரையாளர் என்னோடு வாதாடட்டும். இதை அடுத்த இதழிலேயே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை