எமது ஹொக்கி இரசிகர் மன்றத்தின் ஆண்டறிக்கை, 2021–2022

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அக்கா அவர்களே, அன்பான உறுப்பினர்களே,

2021 ஓகஸ்ட் முதல் 2022 யூலை வரை மொன்றியலில் எமது மன்றம் செய்தவற்றை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். சென்ற முறை நான் அறிக்கை வாசித்தபோது, எமது நகரின் ஐஸ் ஹொக்கி அணியான கனடியன்ஸ், தேசிய ஹொக்கி லீக்கின் ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றில் தாம்பா பேயிடம் தோற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தோற்றும் தலை நிமிர்ந்திருந்தோம். இந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 22 வெற்றி, 55 புள்ளிகள், 32 அணிகளில் கடைசி இடம். 24 தடவை கிண்ணம் வென்ற அணிக்கு இப்படியொரு வருடம் வந்ததை இங்கிருக்கும் ஒருவராலும் இலகுவில் ஏற்க முடியவில்லை.

வருடத்தில் 9 கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் 31 முதல் ஜனவரி 17 வரை மாகாணத்தில் இரவு 10 மணி ஊரடங்கு இருந்ததால் ஜனவரிக் கூட்டத்தை ஸூமில் வைத்தோம். டிசம்பர் 16 பிலடெல்பியா ஆட்டத்துக்குச் சீட்டு எடுத்திருந்தவர்கள் அந்த நாளை மறக்கமாட்டீர்கள். தொற்று கூடியதால் பார்வையாளர் இல்லாமல் ஆட்டம் நடக்கும் என்று கடைசி நேரத்தில் அறிவித்தார்கள். வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். வெறும் கதிரைகளுக்கு நடுவில் ஸ்கேற் கத்தி ஐஸைக் கிழிக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. பின்களத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு இடம் சொல்வதும் கேட்டது. அன்று பெனால்டி ஷொட்டில் வென்றோம். ஆனால் அணித் தலைவர் ஷே வெபர் ஆடிய காலத்தில் அந்தப் பின்களத்தை நடத்த ஒரு குரல் இருந்தது, இப்போது அது இல்லை என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

நவம்பர் 28இல் முகாமையாளர் மார்க் பேர்ஜெவனை நீக்கினார்கள். ஜனவரி 18இல் கென்ற் ஹியூஸ் வந்தார். பெப்ரவரி 9இல் பயிற்றுநர் டொமினிக் டுஷார்ம் போய் மார்ட்டின் சென் லூயி வந்தார். சிறுவர் அணிகளை மட்டும் பயிற்றுவித்தவரிடம் இப்படியொரு பொறுப்பைக் கொடுப்பதா என்று எமது கூட்டத்திலும் கேள்வி எழுந்தது. டுஷார்மின் கீழ் 8 வெற்றி, 30 தோல்வி, மேலதிக நேரத் தோல்வி 7. சென் லூயியின் கீழ் 14, 19, 4. கேள்வி கேட்டவர்களே பிறகு எழுந்து பாராட்டினார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிந்திருக்கிறேன்.

இனி, வருடம் முழுவதும் எம்மைப் பிடித்து வைத்திருந்த விடயத்துக்கு வருகிறேன்: பின்கள வீரர்களும் அவர்களின் ஒப்பந்தங்களும். 2021இல் எம்மை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனது வெபர், சியாரொற், பெற்றி, எட்மண்ட்சன் என்ற நால்வரின் தோள்கள். வெபர் அதன்பின் காயத்தால் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. எட்மண்ட்சன் முதுகு நோவால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். சியாரொறை மார்ச் 16இல் புளோரிடாவுக்குக் கொடுத்து டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் நிகழ்வில், ஒரு முதற்சுற்றுத் தெரிவும் வேறும் பெற்றோம். அவரின் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிய இருந்ததால் அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சண்டை பெற்றியில்தான். முந்திய பருவத்தில் 55 ஆட்டங்களில் 42 புள்ளி (கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்த்து) எடுத்தவர், இம்முறை 68 ஆட்டங்களில் 27. வருடத்துக்கு 6.25 மில்லியன் டொலர், இன்னும் மூன்று வருடங்கள். ஏப்ரல் கூட்டத்தில் எமது மூத்த உறுப்பினர் ஐயா ஒருவர், “உவரை இப்ப அனுப்பினால்தான் ஏதும் கிடைக்கும் தம்பி, அடுத்த வருசம் ஒருத்தரும் தொடமாட்டினம்” என்றார். அதற்கு ஒரு தங்கை, “ஐயா, சென் லூயி வந்தாப் பிறகு அவர் எப்பிடி விளையாடினவர் எண்டு பாக்கேல்லையே?” என்று கேட்டார். இரண்டுமே நியாயம். தேத்தண்ணியும் ரோல்ஸும் ஆறிப்போகுமட்டும் கதைத்தோம்.

அப்போதுதான் பொருளாளர் அக்கா வெண்பலகையில் ஒரு நிரல் போட்டார். சம்பளத்தை எழுதவில்லை. ஒப்பந்தம் முடியும்போது எமது பின்கள வீரர் ஒவ்வொருவருக்கும் எத்தனை வயது என்பதை மட்டும் எழுதினார். வெபர் 40. பெற்றி 37. சவார்ட் 34. எட்மண்ட்சன் 31. மண்டபம் அமைதியாகிவிட்டது. பல வருடங்களாக நாம் மில்லியன்களை எண்ணிக்கொண்டிருந்தோம். எண்ண வேண்டியது வருடங்களை என்பது என் உறுதியான கருத்து. தொகை தவறினால் ஒரு பருவம் கஷ்டம். நீளம் தவறினால் ஒரு தலைமுறை வீரர்களுக்கு இடமில்லாமல் போகிறது.

வெபரின் ஒப்பந்தம் நாம் எழுதியதல்ல என்பதையும் இளையவர்களுக்காகச் சொல்லவேண்டும். 2012இல் பிலடெல்பியா 14 வருடத்துக்கு 110 மில்லியன் தருவதாக முன்வந்தது. அவரின் அப்போதைய அணியான நாஷ்வில் அதே தொகைக்கு ஒப்புக்கொண்டு அவரைத் தக்கவைத்தது. 2016இல் பி.கே. சுபானைக் கொடுத்து நாம் அவரை வாங்கியபோது அந்தக் கடதாசியும் கூடவே வந்தது. 2013க்குப் பிறகு அப்படி எழுதமுடியாது. அந்த வருடம் வந்த விதிப்படி சொந்த வீரருக்கே எட்டு வருடம்தான் உச்சம். ஆடாத ஒருவரின் பெயரில் வருடத்துக்கு 7.86 மில்லியன் கணக்கில் நிற்கும். காயப்பட்டோர் பட்டியலில் போட்டால் அந்தளவுக்கு, லீக் அணிகளுக்கு வைத்த சம்பள உச்சவரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம்தான். ஆனால் அது கிண்ணத்துக்காக விளிம்புவரை செலவழிக்கும் அணிக்கு உதவும், புதிதாகக் கட்டும் அணிக்கு அல்ல. யூன் 16இல் அந்த ஒப்பந்தம் லாஸ் வேகாஸுக்குப் போனது. ஒரு வருடம் மட்டுமே மிச்சமிருந்த டடோனொவ் வந்தார். மனிதராக வெபரை இழந்தது வேதனை. ஒப்பந்தமாக அது சரியான முடிவு.

யூலை 16இல் பெற்றியும் பிற்ஸ்பேர்க்குக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்த மைக் மதிசன் பொயின்ற் கிளேரில் பிறந்தவர், வயது 28. அவருக்கு இன்னும் நான்கு வருடங்கள், வருடத்துக்கு 4.875 மில்லியன். “மூன்று வருடத்தைக் கொடுத்து நாலு வருடத்தை வாங்கினதோ?” என்று சிலர் கோபித்தார்கள். அக்காவின் நிரலில் போட்டுப் பாருங்கள்: முடியும்போது இவருக்கு 32. எனக்கு அது போதும்.

ஆனால் அலெக்ஸாண்டர் ரொமானொவ் விடயத்தில் நான் பெரும்பான்மையோடு நிற்கவில்லை. யூலை 7இல் பெல் சென்ரரில் டிராஃப்ட் நடந்தபோது எமது உறுப்பினர்கள் சிலர் நேரே போயிருந்தோம். லொத்தரில் முதல் தெரிவு எமக்கு விழுந்திருந்தது. பெரும்பாலோர் ஷேன் ரைட்டை எதிர்பார்க்க, யுராய் ஸ்லாஃப்கொவ்ஸ்கியின் பெயரைச் சொன்னார்கள். அந்த அதிர்ச்சி ஆறமுன்னர் ரொமானொவை நியூயோர்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்தது தெரியவந்தது. அங்கிருந்து கிடைத்த 13ஆம் தெரிவை இன்னொரு தெரிவோடு சிக்காகோவுக்குக் கொடுத்து நடுக்கள வீரர் கேர்பி டாக்கை எடுத்தார்கள். என் பக்கத்தில் ரொமானொவின் பெயர் போட்ட மேற்சட்டையோடு இருந்த எங்கள் உறுப்பினரின் மகன், பத்து வயதுப் பிள்ளை, முதுகுப் பக்கத்தை இழுத்துக் கதிரையில் அழுத்திக்கொண்டு இருந்தான். நடுக்களத்தில் உயரமான ஆள் தேவை என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் 22 வயதில், முதல் ஒப்பந்தம் மட்டுமே முடிந்த, எதிரிகள் பார்த்து ஒதுங்கும் பின்கள வீரரைக் கொடுத்திருக்கக் கூடாது. யூலைக் கூட்டத்தில் கை உயர்த்திக் கேட்டபோது டாக் பக்கமே கூடிய கைகள். எனது எதிர்ப்பும் குறிப்பில் உள்ளது.

அதே கூட்டத்தில் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: வரும் பருவம் இளையவர்களுக்கு இடம் கொடுக்கவேண்டும், முப்பது வயதைத் தாண்டிய பின்கள வீரருக்கு நீண்ட ஒப்பந்தம் எழுதக் கூடாது. இடம் கேட்டு நிற்பவர்கள் குறைவில்லை. கேய்டன் கூலி எட்மண்டன் ஒயில் கிங்ஸோடு மேற்கு இளையோர் லீக் வென்று தொடரின் சிறந்த வீரரானார். டிராஃப்டில் ஒருவரும் எடுக்காத ஆர்பர் ஜெக்காய் ஹமில்டனோடு ஒன்ராறியோ இளையோர் லீக் வென்றார். இருவரும் யூனில் அந்த இளையோர் லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் மெமோரியல் கிண்ணத்தில் எதிரெதிரே ஆடினார்கள். ஜோர்டன் ஹாரிஸும் ஜஸ்ரின் பரனும் ஏப்ரலிலேயே முகம் காட்டிவிட்டார்கள்.

ஏப்ரல் 22இல் கனடியன்ஸின் பழைய நட்சத்திரம் கீ லஃப்ளேர் மறைந்தார். ஏப்ரல் 24 பொஸ்ரன் ஆட்டத்துக்கு முன் அரங்கம் ஏறக்குறைய பத்து நிமிடம் எழுந்து நின்று கைதட்டியது. எண்பதுகளில் வந்திறங்கிய எமது மூத்தவர்கள் பலருக்கு இந்த நகரத்தில் முதலில் தெரிந்த பெயர்களில் அதுவும் ஒன்று. அவருக்கும், ஏப்ரல் 15இல் மறைந்த மொன்றியலில் பிறந்த ஹொக்கி வீரர் மைக் பொசிக்கும் மன்றம் அஞ்சலி செலுத்தியது. ஒரு கிழமை கழித்து, ஏப்ரல் 29இல், கடைசி ஆட்டத்தில் புளோரிடாவை 10–2 என்று வென்றோம். கோல் கொஃபீல்ட் மூன்று கோல்கள் போட்டார்.

பிள்ளைகளுக்கான ஸ்கேற்றிங் பயிற்சி ஜரி பூங்காவில் பெப்ரவரி ஞாயிறுகளில் நடந்தது. பழைய ஸ்கேற் சோடிகளைத் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி. சின்ன அளவுகள் இன்னும் தேவை. கணக்கறிக்கையைப் பொருளாளர் அக்கா அடுத்து வாசிப்பார்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் ஒக்டோபர் 12, புதன்கிழமை, இங்கேயே, ரொறன்ரோவுக்கு எதிராக. மண்டபம் மாலை 6 மணிக்குத் திறக்கும். கதிரை அடுக்க நால்வர் முன்னதாக வரவேண்டும். பெயர் தருபவர்கள் இன்றே என்னிடம் தரவும்.

செயலாளர்
2022 ஓகஸ்ட் 7, மொன்றியல்